பலகாரச் சிப்பமும் விருத்தாசலத்து ஜாடியும்

முறுக்கு, தட்டை, சீடை, காராசேவு, அதிரசம் முதலான பலகாரங்களைச் செய்து விற்பது அற்ப முதலுடன் தொடங்கக்கூடிய குடிசைத் தொழில்களுள் ஒன்றாகும். அரிசிமாவும் உளுந்தும் எண்ணெயும் கைப்பழக்கமும் இருந்தால் போதும். பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஆயினும் இத்தொழிலில் நஷ்டம் நேருவது பெரும்பாலும் அடுப்பங்கரையில் அன்று. பண்டத்தை அடுப்பை விட்டு இறக்கிய பின்னரே நேருகிறது. பக்குவமாய்ப் பொரித்தெடுத்த முறுக்கைக் காகிதத்தில் மடித்துக் கடைக்கு அனுப்பினால், ஐப்பசி மாதத்து ஈரக்காற்றில் இரண்டொரு நாளிலேயே அது நமுத்துப் போகிறது. கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். மாவின் விலையும் எண்ணெயின் விலையும் செய்தவளின் கூலியும் அத்துடன் போயின.

இக்குறைக்குப் பரிகாரமாக வந்து சேர்ந்தவை பிளாஸ்டிக் பைகள். அவை ஈரத்தைத் தடுத்தன, விலையும் மலிவாயிருந்தது. ஆனால் முறுக்கு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது, பை தீருவதில்லை. வாய்க்காலிலும் களத்துமேட்டிலும் கிடந்து, மாடுகள் தின்று, மதகுகளை அடைத்து, அது செய்யும் கேட்டைக் கிராமவாசிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாடு சர்க்கார் 14 வகையான ஒருமுறை உபயோகப் பிளாஸ்டிக் சாமான்களை 2019-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி முதல் விலக்கினர். உற்பத்தி ஸ்தலத்திலேயே பண்டத்தை வைத்து மூடும் பைகளுக்கு முதலில் அளித்திருந்த சலுகையை நீக்கி 2020-இல் உத்தரவு பிறந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கம் தொடங்கியது. மஞ்சள் துணிப்பை கடைக்குப் போய்வர உதவும். ஆனால் அதற்குள் முறுக்கை அப்படியே கொட்ட முடியாதே! பையின் கேள்வி ஒருவாறு தீர்ந்தது. பண்டத்தை நேரே தொட்டிருக்கும் சிப்பத்தின் கேள்வி தீரவில்லை.

பெரிய கம்பெனிகளின் பளபளக்கும் உறைகளைக் கண்டு, அவற்றையே பின்பற்றலாம் என்று சில சங்கத்தார் கருதக்கூடும். அவ்வுறை பல படலங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. பிளாஸ்டிக்குக்கு நடுவே அலுமினியப் படலமும் இருக்கும். உள்ளே காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயு அடைப்பார்கள். பண்டம் மாதக்கணக்கில் கெடாது என்பது உண்மையே. ஆனால் படலங்களைப் பிரிக்க வழியில்லாததால் பழைய சாமான் வியாபாரியும் அதை வாங்க மாட்டான். பழைய பத்திரிகைக் காகிதமோ அதனினும் தீது. அச்சுமையில் உள்ள வஸ்துக்கள் எண்ணெயுடன் கலந்து பண்டத்தில் ஏறும். 2018-ஆம் வருஷத்து உணவுச் சிப்ப விதிகள் பத்திரிகைக் காகிதத்தில் உணவைச் சுற்றுவதைத் தடுத்துள்ளன.

எஞ்சி நிற்பது, பழைய வீடுகள் யாவும் அறிந்திருந்த முறை ஒன்றே: பாத்திரம் திரும்பி வரவேண்டும். அதற்கு ஏற்ற பாத்திரம் எது, அதை யார் கணக்கு வைப்பது என்னும் இரண்டுமே இங்கு ஆராயத்தக்கவை.

விருத்தாசலம் மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சூழ்ந்த பழமையான ஊர். முன்பு தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. 1993-இல் அந்த ஜில்லா பிரிக்கப்பட்ட பின் கடலூர் ஜில்லாவைச் சேர்ந்தது. கடலூர், விழுப்புரம், திருச்சி, சேலம் ஆகிய நான்கு திக்குகளுக்கும் ரயில் பாதை பிரியும் ஜங்ஷன். சுற்றுவட்டாரம் முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் பேர்போனது. இவ்விரு பயிர்களையும் ஆராயும் விவசாய நிலையம் ஒன்று ஊரிலேயே உள்ளது. அருகே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக வெட்டும் சுரங்கங்களில் மேல்மண்ணோடு வெண்களிமண்ணும் கிடைக்கிறது. இத்தகைய மண்ணை ஆதாரமாகக் கொண்டு விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது. அத்தொழிலைக் கற்பிக்கும் பயிலகமும் அமைந்தது. அகல் விளக்கு, கொலுப் பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை ஆகியவை அங்கே நெடுநாளாகச் செய்யப்பட்டு வந்த சரக்குகள். இவற்றில் பியூஸ் கட்டையின் இடத்தை வீடுகளில் எம்.சி.பி. என்னும் விசைகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. அகலும் பொம்மையும் கார்த்திகை, நவராத்திரி என்னும் பருவங்களை நம்பியவை. வருஷம் முழுவதும் ஓடக்கூடிய சரக்கு ஒன்று கிடைத்தால் சூளைக்காரருக்கும் உதவி, பலகாரம் செய்வோருக்கும் உதவி. ஜாடி அத்தகைய சரக்கு.

ஜாடி ஏன் ஏற்றது என்பதை அறிய, பலகாரம் எவ்வாறு கெடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளவேண்டும். பொரித்த பண்டத்திற்குச் சத்துருக்கள் இரண்டு. முதலாவது ஈரம். எண்ணெயில் வேகும்போது மாவிலுள்ள நீர் ஆவியாய்ப் போய்விடுவதால்தான் முறுக்கு மொறுமொறுப்பாகிறது. உலர்ந்த அப்பண்டம் காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி உறிஞ்சத் துடிக்கும், உறிஞ்சினால் நமுத்துப்போகும். இரண்டாவது சத்துரு பிராணவாயு. அது எண்ணெயுடன் சேர்ந்து சிக்கு வாடையை உண்டாக்குகிறது. வெளிச்சமும் வெப்பமும் அதற்குத் துணை. இரும்பு, செம்பு ஆகிய உலோகங்கள் பட்டாலும் சிக்கு விரைந்து ஏறும். ஆகவே பலகாரப் பாத்திரம் ஈரம் புகாததாய், வெளிச்சம் புகாததாய், துருப்பிடிக்காததாய் இருக்கவேண்டும். கண்ணாடிப் புட்டி முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பொருந்தும். வெயில் படும் கடைப் பலகையில் இரண்டாவதற்குப் பொருந்தாது. தகர டின் துருவேறும். அன்றியும் ஒருமுறை உணவு அடைத்த தகர டின்னில் மறுபடி உணவை அடைத்து விற்கலாகாது என்பது விதி. எவர்சில்வர் சம்புடம் மூன்றுக்கும் பொருந்தும், விலைதான் அதிகம். பீங்கான் ஜாடி மூன்றுக்கும் பொருந்துவதுடன், மண்ணும் சூளையும் தொழிலாளியும் பக்கத்திலேயே உள்ள பண்டம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சாதாரண மண்பானை இக்காரியத்திற்கு உதவாது. குறைந்த சூட்டில் சுட்ட மண் நுண்துளைகள் நிறைந்தது. தண்ணீரைக் குளிரச் செய்யும் அதே குணம் பலகாரத்திற்கு விரோதம். ஈரம் உள்ளே கசியும். எண்ணெய் மண்ணில் ஊறும். ஊறிய எண்ணெய் கழுவினாலும் போகாமல் சிக்குப்பிடித்து, அடுத்து வைக்கும் புதிய பண்டத்தையும் கெடுக்கும். வேண்டுவது 1,200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் கல்போல் இறுகச் சுட்டு, உட்புறம் முழுதும் கண்ணாடி போன்ற மெருகு பூசிய ஜாடி. வாங்கும்போது சோதிப்பது எளிது. தட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, உடைந்த விளிம்பில் ஒரு துளி பேனா மை இடவேண்டும். மை பரவி உள்ளே இறங்கினால் மண் சரியாய் இறுகவில்லை. துடைத்ததும் போய்விட்டால் நன்று.

மெருகு விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை தேவை. தாழ்ந்த சூட்டிலேயே மெருகு உருகவேண்டும் என்பதற்காக ஈயம் கலந்த பூச்சுகளை உபயோகிக்கும் வழக்கம் உலகெங்கும் பழையது. சிவப்பும் மஞ்சளுமான சில வர்ணங்களில் காட்மியம் சேரும். புளிப்புப் பட்டால் இவை கசியும். உடலில் சேர்ந்தால், விசேஷமாகக் குழந்தைகளுக்கு, ஈயம் பெருங்கேடு. முறுக்கில் புளிப்பு ஏது என்று கேட்கலாம். ஜாடி ஒரு வீட்டுக்குள் போனபின் அதில் அடுத்தபடியாக எலுமிச்சங்காய் ஊறுகாய் ஏறும் என்பதை எவரும் மறுக்க முடியாது! ஆதலால் பலகார ஜாடியும் ஊறுகாய்க்குத் தகுந்ததாகவே இருக்கவேண்டும். உயர் சூட்டில் உருகும் பெல்ஸ்பார் மெருகுக்கு ஈயம் தேவையே இல்லை. உட்புறமும் வாய் விளிம்பும் வர்ணமின்றி வெண்மையாய் இருக்கட்டும். சூளைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு வகை மெருகுக்கும் ஒரு ஜாடியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவேண்டும். நூற்றுக்கு 4 பங்கு அசிட்டிக் அமிலம் கலந்த நீரை 24 மணி நேரம் ஜாடியில் வைத்து, அந்நீரில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பதே உலகெங்கும் வழங்கும் சோதனை. கடையில் விற்கும் வினிகரும் ஏறக்குறைய அதே பலமுடையது. அதை ஒரு நாள் ஊற்றிவைத்துப் பார்த்து மெருகு மங்கினால், பரிசோதனைச் சாலைக்கு அனுப்பும் செலவும் மிச்சம். அந்த ஜாடியைத் தள்ளிவிடலாம். மங்காததாலேயே அது நல்லதென்று முடிவு கட்டலாகாது.

மூடியே பிரதானம்

ஜாடியைப் பற்றிப் பேசுவோர் அதன் வயிற்றைப் பற்றியே பேசுகின்றனர். பலகாரத்தைக் காப்பது மூடி. விருத்தாசலத்துச் சூளைக்காரருக்கு இதில்தான் கஷ்டமும் உள்ளது. பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் கூழ்போல் கரைத்த களிமண்ணை வார்த்தால், அச்சு நீரை உறிஞ்சி, மண் சுவர்போல் படிகிறது. அது உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும்; மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்குவது சாதாரணம். சூளையின் நடுவிலும் மூலையிலும் சூடு ஒன்றுபோல் இராது. சுருக்கம் நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபட்டாலும் 8 சென்டிமீட்டர் வாயில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் விழும். அதனால் ஒரு ஜாடியின் மூடி மற்றொரு ஜாடிக்குப் பொருந்துவதில்லை. திருகு மூடி கேட்டுச் சூளைக்காரரை வருத்துவதில் பயனில்லை.

பழைய வீடுகளில் ஜாடிக்கு வேடு கட்டுவார்கள். வெள்ளைத் துணியை வாயின்மேல் விரித்துக் கழுத்தில் நூல் சுற்றி இறுக்குவதே வேடு. வாய் ஒரு மில்லிமீட்டர் பெரிதாயினும் சிறிதாயினும் வேட்டுக்குக் கவலையில்லை. வெறும் துணியில் ஈரம் நுழையும். ஆகவே துணியைத் தேன்மெழுகில் தோய்த்துக்கொள்ளவேண்டும். மெழுகு உருகும் சூடு ஏறக்குறைய 62 டிகிரிதான். இரட்டைப் பாத்திரத்தில், அதாவது கொதிநீரில் வைத்த கிண்ணத்தில், மெழுகை உருக்கிப் பருத்தித் துணியைத் தோய்த்து உலர்த்தினால் போதும். அத்துணியை வெந்நீரில் கழுவலாகாது. குளிர்ந்த நீரில் துடைத்து நிழலில் உலர்த்தவேண்டும். மெழுகு உதிர்ந்தால் மறுபடி தோய்த்துக்கொள்ளலாம். இந்த வேலையைச் சங்கத்து ஸ்திரீகளே செய்துகொள்ள முடியும். அதிக நாள் இருக்கவேண்டிய சரக்குக்கு, ஜாடியின் விளிம்பைத் தட்டையாகத் தேய்த்து, தட்டையான மூடியை ரப்பர் வளையத்தின்மேல் அமர்த்திக் கம்பிக் கொக்கியால் இறுக்கும் முறை உத்தமம். உணவுக்குத் தகுந்ததென்று விற்கும் வளையத்தையே வாங்கவேண்டும். ஜாடியின் மெருகு வாசனையைப் பிடித்துக்கொள்ளாது, ரப்பர் பிடித்துக்கொள்ளும். ஊறுகாய் வாசனையேறிய வளையத்தை அதிரசத்துக்கு இடுவது வியாபாரத்தையே கெடுப்பதாகும். திரும்பி வரும் ஜாடிக்கு வளையத்தை மாற்றுவதற்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதே நலம்.

எந்த மூடியானாலும் அது எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பண்டமே சொல்லவேண்டும். ஒரே ஈட்டு முறுக்கைப் பத்து ஜாடிகளில் அடைத்து, மழைக்காலத்தில், இரண்டு நாளைக்கு ஒரு ஜாடியாய்த் திறந்து உடைத்துப் பார்த்தால், நமுக்கத் தொடங்கும் நாள் தெரிந்துவிடும். அதற்கு முந்திய நாளையே சீட்டில் கடைசித் தேதியாக எழுதவேண்டும். சூடு ஆறுமுன் அடைத்தால் ஆவி உள்ளே வியர்த்து, எந்த மூடியும் பயன்படாமற் போகும்.

ஒரே அச்சு, ஒரே ஜாடி

திரும்பி வரும் பாத்திரம் புதிய யோசனை அன்று. பம்பாயில் டப்பாவாலாக்கள் 1890-ஆம் வருஷம் முதல் வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுபோய், காலிப் பாத்திரத்தை அன்றே வீட்டில் சேர்த்து வருகின்றனர். டப்பாவின்மேல் எழுதிய குறிகளே அவர்களுக்கு முகவரி. தமிழ்நாட்டிலோ கோலி சோடா புட்டியைக் கடையில் வைத்துவிட்டு வருவது குழந்தைகளும் அறிந்த பழக்கம். நீலகிரியில், காட்டில் எறியப்பட்ட மதுப் புட்டிகளால் விலங்குகளுக்குத் தீங்கு நேருவது கண்டு, சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவுப்படி 2022-இல் ஒரு திட்டம் வந்தது. புட்டிக்கு 10 ரூபாய் அதிகமாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்ததும் அதைத் திருப்பித் தந்தனர். பின்னர் அது வேறு ஜில்லாக்களுக்கும் பரவியது. மதுக்கடையின் உதாரணம் சங்கத்தாருக்கு ருசிக்காது. ஆயினும் குடித்தவனும் பத்து ரூபாய்க்காகப் புட்டியைத் தேடி எடுத்து வந்தான் என்பதைக் கவனிக்கவேண்டும்.

கூட்டுறவு சங்கத்தாருக்கு மிகவும் பொருந்தும் உதாரணம் ஜெர்மனியில் உள்ளது. அங்கே ஊற்றுநீரைப் புட்டியில் அடைத்து விற்கும் வியாபாரிகள் பலர், ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். அவர்கள் ஒரு கூட்டுறவு சங்கமாய்ச் சேர்ந்து, 1969-இல் எல்லோருக்கும் பொதுவான ஒரே கண்ணாடிப் புட்டியை ஏற்படுத்திக்கொண்டனர். கூன்டர் குப்பெட்ஸ் என்பவர் அதை வடிவமைத்தார். நடுவில் முத்துமுத்தாய்ப் புடைப்புள்ள அப்புட்டியில் யார் வேண்டுமானாலும் தம் சீட்டை ஒட்டி விற்கலாம். காலிப் புட்டியை எந்தக் கடையிலும் கொடுக்கலாம். பக்கத்தில் உள்ள எந்த நிரப்புசாலையும் அதைக் கழுவி நிரப்பலாம். ஒரு புட்டி ஏறக்குறைய 50 முறை வரை நிரப்பப்படுகிறது. ஒவ்வொருவரும் தமக்கென்று தனி வடிவம் வைத்திருந்தால், ஒவ்வொரு காலிப் புட்டியும் அதன் சொந்த ஊருக்கே பிரயாணம் செய்ய நேர்ந்திருக்கும். வண்டிக் கூலியே முறையைக் கொன்றிருக்கும்.

விருத்தாசலத்து விஷயத்தில் கவனிக்கவேண்டிய முதல் பாடம் அதுவே. பலகாரம் செய்யும் ஒவ்வொரு குழுவும் தனக்கு அழகென்று தோன்றும் ஜாடியைச் செய்வித்தால் காரியம் ஓடாது. அரைக் கிலோ, ஒரு கிலோ என இரண்டே அளவு, ஒரே வாய் அகலம், ஒரே அச்சு. கை உள்ளே போய்க் கழுவும்படி வாய் அகலமாயும், அடுக்கி வைக்கும்படி வயிறு நேராயும் இருக்கட்டும். பூவேலை வேண்டாம். அச்சு சங்கத்தின் சொத்தாயிருந்தால், எந்தச் சூளையிலும் அதே ஜாடியை வார்க்கச் செய்யலாம். அடியில், மெருகுக்குக் கீழே, சங்கத்தின் குறியும் வருஷமும் வரிசை எண்ணும் எழுதவேண்டும். சூளையில் வெந்த எழுத்து அழியாது. குழுவின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, செய்த தேதி, கடைசித் தேதி, விலை, உணவு லைசென்சு எண் ஆகியவை காகிதச் சீட்டில் இருக்கும். சீட்டை மைதாப் பசையால் ஒட்டினால் தண்ணீரில் ஊறியதும் உரிந்துவிடும். கடையில் வாங்கும் ஒட்டுச்சீட்டைச் சுரண்டுவதற்கு ஓர் ஆளை வைக்கவேண்டிவரும்! கையால் செய்த இரண்டு ஜாடிகள் ஒரே எடை இரா. ஆகையால் பண்டத்தை முதலில் நிறுத்துப் பின்னர் அடைப்பதே முறை.

டிபாசிட்டுக் கணக்கு

ஜாடியைச் சங்கம் விற்பதில்லை, இரவல் தருகிறது. வாங்குவோர் பலகாரத்தின் விலையுடன் ஜாடிக்கு டிபாசிட்டும் செலுத்துகிறார். ஜாடியைத் திருப்பினால் டிபாசிட்டு திரும்பும். இதைப் புரிய வைக்க ஓர் உத்தேசக் கணக்கு உதவும். மூடியுடன் ஜாடியின் அடக்கம் 90 ரூபாய் என்றும், ஒவ்வொரு முறையும் கழுவி, வளையமோ வேடோ புதுப்பிக்க 3 ரூபாய் என்றும் வைத்துக்கொள்க. ஒவ்வொரு சுற்றிலும் நூற்றில் 5 ஜாடி உடைந்தோ தொலைந்தோ போனால், ஒரு ஜாடி சராசரி 20 சுற்று உழைக்கும். சுற்றுக்கு ஜாடிச் செலவு 4 ரூபாய் 50 காசு. கழுவும் செலவுடன் 7 ரூபாய் 50 காசு. நூற்றில் 20 ஜாடி போனால் 5 சுற்றே உழைக்கும். செலவு 21 ரூபாய் ஆகிவிடும். முதற் கணக்கில் தொழில் நிற்கும், இரண்டாவதில் நில்லாது. விறகோ வாயுவோ எரித்து அத்தனை சூட்டில் சுட்ட ஜாடி, நாலைந்து முறையே உழைத்து உடைந்தால் ஊருக்கும் லாபமில்லை. ஆகவே திட்டம் முழுவதும் ஜாடி திரும்பி வரும் விகிதத்தின்மேல் நிற்கிறது.

டிபாசிட்டு மிகக் குறைவாயிருந்தால் ஜாடி திரும்பாது; அழகான ஊறுகாய் ஜாடி மலிவாய்க் கிடைத்ததென்று வைத்துக்கொள்வார்கள். மிக அதிகமானால் கூலிக்காரக் குடும்பம் வாங்கத் தயங்கும். அடக்கத்துக்குச் சற்றுக் குறைவாக, மேற்படி கணக்கில் 80 ரூபாயாக, வைப்பது நியாயம். திரும்பாத ஜாடிக்குச் சங்கத்தின் கைநஷ்டம் அப்போது 10 ரூபாய்தான். தினக்கூலி அங்கத்தினர்களுக்கு டிபாசிட்டை முதல் ஒரு முறை மட்டும் வாங்கி, பிறகு காலி ஜாடியைக் கொடுத்து நிறைந்த ஜாடியைப் பெறும்படி செய்தால் சுமை தெரியாது. டிபாசிட்டுக்கு ரசீது கேட்கவேண்டாம். அடியில் சங்கத்தின் குறியுள்ள முழு ஜாடியே ரசீது. யார் கொண்டுவந்தாலும் பணம் கொடுக்கவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு வீடாய்ச் சேகரித்து வந்தாலும் சரியே.

சங்கங்கள் தவறிவிழும் இடம் இனித்தான் வருகிறது. 500 ஜாடிகள் வெளியே இருந்தால், 40,000 ரூபாய் டிபாசிட்டாகச் சங்கத்தின் கையில் இருக்கும். பணம் பெட்டியில் இருக்கிறது. உளுந்து விலை இறங்கியிருக்கிறது. அதை வாங்கிப் போடலாமே என்று காரியதரிசிக்குத் தோன்றும். அவர் எண்ணம் நல்லதே. ஆனால் தீபாவளி கழிந்த வாரத்தில் 300 ஜாடிகள் ஒரே சமயத்தில் திரும்பி வரும். 24,000 ரூபாய் உடனே தரவேண்டும். உளுந்து மூட்டையை அறுத்து எவருக்கும் கொடுக்க முடியாது. 'நாளை வா' என்று ஒருவருக்குச் சொன்னால் அன்று மாலையே ஊர் முழுதும் தெரிந்துவிடும். அதன்பின் அந்தச் சங்கத்தின் ஜாடியை எவரும் டிபாசிட்டுக் கட்டி வாங்கமாட்டார். அந்த டிபாசிட்டு வரவு அன்று; கடன். ரொக்கப் புத்தகத்தில் தனித் தலைப்பிலும், இருப்புநிலைக் குறிப்பில் கொடுக்கவேண்டியவற்றின் பக்கத்திலும் அதை எழுதவேண்டும். பணத்தை மத்திய கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்கில் போட்டு, ஜாடி திருப்புவதைத் தவிர வேறொன்றுக்கும் எடுக்கலாகாதென்று பொதுச்சபையில் தீர்மானம் செய்துகொள்ளவேண்டும். இவ்வகை டிபாசிட்டு வாங்க உபவிதிகளில் இடமில்லையெனில், முதலில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவு செய்துகொள்வது அவசியம். ஜாடிகளைச் சொத்துப் பக்கத்தில் காட்டி வருஷந்தோறும் தேய்மானம் கழிக்கவேண்டும். மாதத்துக்கு ஒரு முறை, கிடங்கில் உள்ள ஜாடி, வெளியே உள்ள ஜாடி, உடைந்த ஜாடி மூன்றையும் கூட்டினால் வாங்கிய ஜாடிகளின் தொகை வரவேண்டும். வெளியே உள்ளவற்றை 80-ஆல் பெருக்கினால் வங்கி இருப்பு வரவேண்டும். இவ்விரண்டும் சரியாயிருந்தால் மற்றவை யாவும் தாமே சரியாயிருக்கும்.

கழுவுமிடத்தைப் பற்றிச் சிறிது. சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் தேங்காய்நார்ப் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல நீரில் இருமுறை அலசி, மூங்கில் தட்டியின்மேல் கவிழ்த்து வெயிலில் காயவைக்கவேண்டும். வெயிலில் சுட்ட ஜாடியைத் தண்ணீரில் அமிழ்த்தினால் வெடிக்கும். மெருகில் மயிர்க்கீறல் கண்ட ஜாடியைப் பலகாரத்துக்கு உபயோகிக்கலாகாது. கீறலுக்குள் எண்ணெய் நுழைந்து சிக்குப்பிடிக்கும். அத்தகையதை விதை வைக்க எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வெயில் இராது. ஆகையால் அடுப்புச் சூட்டில் உலர்த்த ஒரு சிறு அறை தேவைப்படும். ஈர ஜாடியில் முறுக்கை அடைப்பதைக் காட்டிலும் பழைய காகிதப் பொட்டலமே மேல்.

ஜாடி எல்லாவற்றுக்கும் மருந்தன்று. முறுக்கு இடத்தை அடைக்கும், எடை குறைவு. ஜாடியோ உள்ளிருக்கும் பண்டத்தினும் கனம். எனவே ஒரு நாள் வண்டிப் பிரயாணத்துக்குள் உள்ள கடைகளுக்கும், ஊருக்குள் அங்கத்தினர் வீடுகளுக்கும், மாசிமகம் போன்ற திருவிழாக் காலத்தில் கோயில் வாசல் கடைகளுக்கும்தான் அது ஏற்றது. ரயிலேறிச் சென்னைக்குப் போவோர் கையில் ஜாடியைக் கொடுத்தால் அது திரும்பாது; தவறி விழுந்தும் உடையும். அவர்களுக்குப் பனையோலைப் பெட்டி தகும். செட்டிநாட்டுக் கொட்டானும், தூத்துக்குடி ஜில்லா மணப்பாட்டில் ஸ்திரீகள் கூட்டுறவு முறையில் முடையும் ஓலைப்பெட்டிகளும் பேர்பெற்றவை. ஓலைப்பெட்டியில் காற்று நுழையும். ஆகையால் கருப்பட்டி, கடலை மிட்டாய், இரண்டொரு நாளில் தின்றுவிடும் அதிரசம் ஆகியவற்றுக்கு அது போதும், சீடைக்குப் போதாது. உள்ளே உலர்ந்த வாழைச்சருகை இட்டால் எண்ணெய் ஓலையில் ஊறாது. அந்தப் பெட்டி சங்கத்துக்குத் திரும்பவேண்டியதில்லை. வாங்கியவர் வீட்டில் வெற்றிலைக்கோ பூவுக்கோ நெடுநாள் உழைத்து, கடைசியில் மண்ணோடு மண்ணாய்ப் போகும். முந்திரிப் பருப்பை மொத்தமாய் வாங்கும் மிட்டாய்க் கடைகளுக்கு மூடியுள்ள எவர்சில்வர் தூக்கே சௌகரியம். கடைக்காரர் நாலு பேர், தூக்கு எட்டு, கணக்கு வைப்பதும் எளிது.

தொடங்க எண்ணும் சங்கத்தார் 100 ஜாடிக்கு மேல் முதலில் வாங்க வேண்டாம். மண் உலருவதற்கும் சூளை வைப்பதற்கும் கோடையே சாதகமான காலம். ஆகையால் பங்குனிக்குள் அச்சைக் கொடுத்து, சித்திரை வைகாசியில் சுட்டு வாங்கி, ஆனியில் அங்கத்தினர் வீடுகளில் மட்டும் சுற்றவிட்டுப் பார்ப்பது நலம். திரும்பி வரும் விகிதம் தெரிந்த பிறகு ஆவணியில் மேலும் வாங்கினால் தீபாவளிக்குச் சரியாயிருக்கும். முதலிலேயே நூற்றில் இருபது ஜாடி திரும்பாமற் போனால் டிபாசிட்டை உயர்த்தவேண்டும், அல்லது திருப்பும் இடத்தை வீடுகளுக்குக் கிட்டக் கொண்டுபோகவேண்டும். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் வைத்தால் மாதத்துக்கு ஒருமுறையாவது எல்லோரும் வருவார்கள். உடைந்த துண்டுகளைக் குப்பையில் கொட்டவேண்டியதில்லை. சூளைக்காரர் அவற்றை அரைத்துக் கரடான மண்ணோடு கலந்துகொள்வார். சுட்ட மண் கலந்தால் புதிய மண் குறைவாய்ச் சுருங்கும் என்பதால், அவருக்கும் அது வேண்டிய சரக்கே.